இருமலும் குழாய்ப் பரிசோதனையும்

(துவாஸில் ஞாயிறன்று நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில், ஜொகூர்த் தோட்டமொன்றின் கிராணியும் சங்க ஊழியருமான தோழர் ஆற்றிய உரை. தோட்டத்து வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)

 

இந்த துவாஸ் ஒரு காலத்தில் மலாய் மீனவர்களின் கிராமம். தழைக் கொம்புகளைக் கடலில் நட்டு, அந்த நிழலுக்கு மீன் வந்து கூடியதும் வலையைத் தூக்குவார்களாம். அந்த மீன்பிடி முறையிலிருந்துதான் இந்த ஊருக்குப் பெயர் வந்ததென்று சொல்லுகிறார்கள். இன்று இங்கே மீனவர் குடிசையும் இல்லை, தழையும் இல்லை. தொழிற்சாலையும் துறைமுகமும் தொழிலாளர் விடுதியுமாக நிறைந்திருக்கிறது. 1998-இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு எங்கள் ஜொகூர்த் தோட்டத்துப் பிள்ளைகள் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் ஏறி இங்கே வந்து விடுகிறார்கள். அப்பன் பால்மரம் வெட்டினான், மகன் இரும்பு வெட்டுகிறான். ஆகவே இங்கே நான் பேசுவது எங்கள் தோட்டத்துக்கும் பேசுவதுதான்.

சம்பளத்தைப் பற்றிப் பேசுவான் இவன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது இருமலைப் பற்றி. நான் டாக்டரல்ல, டிரெஸ்ஸருமல்ல. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, செக்ரோல் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு நுரையீரல் புற்று நோயைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒரு யோக்கியதைதான் உண்டு. என் சிறிய தகப்பனாரை அந்த நோய்க்குக் கொடுத்தவன் நான்.

என் சித்தப்பா ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். அடுப்பில் விறகு தள்ளுவதும், ஷீட்டைத் திருப்பிப் போடுவதும் அவர் வேலை. வெளியில் வந்து நின்றால் கையில் ரொக்கோ. ஒரு வருஷம் மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருமல் தண்ணீர் கொடுத்தார்கள். தீரவில்லை. பிறகு வெளியே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, வலது பக்கம் நிழல் விழுந்திருக்கிறது, காசமாக இருக்கலாம் என்று மருந்து ஆரம்பித்தார்கள். சளியைச் சோதித்ததில் காசக் கிருமி காணவில்லை. ஆனாலும் மருந்து நடந்தது. ஒரு மாதமல்ல, ஐந்து மாதம்.

அந்த ஐந்து மாதத்தில் அவர் பெரட்டுக்கு வராத நாளெல்லாம் செக்ரோலில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டவன் நான்தான். எம்.சி. கொண்டு வந்த நாளுக்கு ஒரு குறி, கொண்டு வராத நாளுக்கு வேறு குறி. வரிசையாக விழுந்த அந்தக் கோடுகளைப் பார்த்து, மருந்து சாப்பிட்டும் இந்த மனிதர் ஏன் தேறவில்லை என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது, அத்தோடு விட்டுவிட்டேன்.

குரல் கம்மிப் போய், சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்த்தார்கள். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. வலது பக்கப் பெரிய சுவாசக் குழாயின் வாயிலேயே கட்டி உட்கார்ந்திருந்தது. துணுக்கு எடுத்துச் சோதித்து, புற்று நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்து விட்டது. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

ஐந்து மாதம் முன்பே அந்தக் குழாய் உள்ளே போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? சத்தியமாக எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மலேசியாவில் இந்த நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். ஐந்து வருஷம் பிழைத்திருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 11 பேர். இதே நோயை 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது கண்டுபிடித்தால், உலகக் கணக்குப்படி நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். நோய் ஒன்றுதான். கண்டுபிடிக்கும் நாள்தான் வேறு.

அந்தக் குழாயைப் பற்றித்தான் இன்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் எங்கள் லயத்தில் அதைப் பற்றி உலவும் கதைகள் கொஞ்சமல்ல. குழாய் விட்டால் நோய் கலைந்து உடம்பெல்லாம் பரவும் என்பார்கள். துணுக்கு எடுத்த இடத்தில் காற்றுப் பட்டால் புற்று வளரும் என்பார்கள். குழாய் விட்டவன் எவன் திரும்பி வந்தான் என்றும் கேட்பார்கள். கடைசி நேரத்தில் குழாய் விட்டால் எப்படித் திரும்பி வருவான்? பழி குழாயின் மேல் விழுகிறது, பிந்திய காலத்தின் மேல் விழுவதில்லை.

பிராங்காஸ்கோப்பி என்று டாக்டர்கள் சொல்லும் இந்தப் பரிசோதனை புதிதாக முளைத்ததல்ல. 1897-இல் ஜெர்மனியில் ஃபிரைபர்க் என்ற ஊரில் குஸ்டாவ் கில்லியன் என்ற டாக்டர், ஒரு விவசாயியின் சுவாசக் குழாயில் சிக்கிக்கொண்ட பன்றி எலும்பைக் குழாய் விட்டு எடுத்தார். தொண்டையை மரக்கச் செய்து இரும்புக் குழாயை உள்ளே செலுத்த முடியுமா என்று பார்க்க அவருக்குத் தன் தொண்டையைக் கொடுத்தவர் யார் தெரியுமா? அந்த ஆஸ்பத்திரியின் காவல்காரர். டாக்டரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, காவல்காரர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இது நமக்குப் பழக்கமான சங்கதிதானே!

அந்தக் காலத்துக் குழாய் வளையாதது. நோயாளியின் தலையைப் பின்னுக்கு மடக்கி நேராகச் செலுத்த வேண்டும். 1960-களில் ஜப்பானில் தோக்கியோ புற்று நோய் நிலையத்தைச் சேர்ந்த ஷிகெத்தோ இக்கேடா என்பவர், மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைச் சேர்த்து வளைகிற குழாயைச் செய்வித்தார். 1966-இல் கோப்பன்ஹேகனில் கூடிய டாக்டர்களிடம் அதைக் காட்டினார். இன்று அதன் நுனியில் சிறு கேமரா இருக்கிறது. பருமன் ஒரு பென்சிலை விடக் குறைவு. டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டே நடத்துகிறார்.

உள்ளே அது எங்கே போகிறது? பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நான் இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நம் நுரையீரல் தலைகீழாக நட்ட மரம். தொண்டைக்குக் கீழே இருப்பது அடிமரம். அது நெஞ்சுக்குள் போய் வலம் இடம் என்று இரண்டு கவையாகப் பிரிகிறது. கவை கிளையாகி, கிளை கொம்பாகி, இப்படி ஏறத்தாழ 23 தடவை பிரிந்து கடைசியில் இலை போன்ற காற்றுப் பைகளில் முடிகிறது. குழாய் அடிமரத்தையும் கவையையும் தடித்த கிளைகளையும் கண்ணால் பார்க்கும். கொம்புகளுக்குள் அதன் உடம்பு நுழையாது. இலையில் இருக்கும் புள்ளியை அது நேராகப் பார்க்காது.

இதை நான் ஏன் வற்புறுத்துகிறேன்? குழாய் விட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. கட்டி பெரிய கிளையில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால், நூற்றுக்கு 88 பேரிடம் துணுக்கு எடுத்து நோயை நிச்சயம் செய்து விடலாம் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். ஓரத்தில், 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியாக இருந்தால், பழைய முறைக் குழாயால் அது நூற்றுக்கு 34 பேரிடந்தான் முடிந்தது. அப்படியானால் ‘குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை’ என்று வரும் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா? நிழல் எக்ஸ்ரேயில் அப்படியே இருந்தால் போகக் கூடாது. அடுத்து என்ன என்று கேட்க வேண்டும்.

அந்த அடுத்த வழிகளும் இப்போது பல இருக்கின்றன. குழாயின் நுனியில் ஒலியலைக் கருவி பொருத்தி, சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் நெறிக்கட்டியைப் பார்த்து ஊசி போட்டு எடுக்கிறார்கள். புற்று நெறிக்கட்டிக்குப் பரவி விட்டதா, அறுவைச் சிகிச்சைக்கு இடமுண்டா என்று முன்னே இதை அறியக் கழுத்தடியில் கத்தி வைக்க வேண்டியிருந்தது. ஓரத்துக் கட்டிகளுக்குக் கம்ப்யூட்டர் படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மெல்லிய குழாயைச் செலுத்தும் முறையும் வந்திருக்கிறது. 2025-இல் அமெரிக்காவில் இதையும், நெஞ்சுக்கு வெளியிலிருந்து ஊசி குத்தி எடுக்கும் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயைக் கண்டறிவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் நுரையீரலிலிருந்து காற்றுக் கசிவது வெளியே ஊசி குத்தியவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு, குழாய் விட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். இத்தகைய கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு கேள்வியும் வரும். நோய் வருமுன்னே எல்லாருக்கும் குழாய் விட்டுப் பார்த்தால் என்ன? அது முடியாது, தேவையுமில்லை. நீல ஒளி பாய்ச்சி, நல்ல தோல் பச்சையாகவும் கெட்ட தோல் செம்பழுப்பாகவும் தெரியும்படி செய்யும் குழாயைக் கனடாவில் புகைப்பவர்களிடம் பரீட்சித்தார்கள். சி.டி. படத்துக்கு அகப்படாமல் அந்தக் குழாய்க்கு மட்டும் அகப்பட்ட புற்று மிகச் சிலவே. ஆரம்பத்திலேயே தேடிப் பிடிக்கும் வேலையைச் செய்வது குறைந்த கதிர் சி.டி. படம். 2011-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், பல வருஷம் மிகுதியாகப் புகைத்த 53,000-க்கு மேற்பட்டவர்களில், வருஷத்துக்கு ஒரு தடவை சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுச் சாவு, சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களை விட நூற்றுக்கு 20 குறைந்தது. சி.டி. புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளி புற்றா, காசமா, பழைய தழும்பா என்று அது சொல்லாது. துணுக்கு எடுத்து உண்மையைச் சொல்ல வைப்பதுதான் குழாயின் வேலை. துணுக்கைச் சோதித்து எந்த வகைப் புற்று என்று அறிந்தால், சிலருக்கு ஊசி மருந்தை விட்டு மாத்திரையே போதும் என்றுகூடத் தெரிகிறது. ஆசியர்களில், அதிலும் புகைக்காத பெண்களில், அந்த மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை அதிகம். ஆகையால் ‘நான் சிகரெட்டே தொடுவதில்லை, எனக்கு ஏன் வரப்போகிறது’ என்று எந்தச் சகோதரியும் இருமலை அலட்சியம் செய்ய வேண்டாம்.

தோட்டத்தில் வெள்ளை வேர் நோயை எப்படிப் பார்க்கிறோம்? இலை பழுத்து உதிர்ந்த பிறகு வேரைத் தோண்டினால் மரம் கையோடு வந்துவிடும். அதனால்தான் இலை பச்சையாக இருக்கும்போதே அடிமண்ணை விலக்கிப் பார்க்கச் சொல்லுகிறார்கள். மரத்துக்குச் செய்வதை மனிதனுக்குச் செய்ய நமக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூருக்கு இதிலே ஒரு பழைய அனுபவம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இந்த ஊரில் காசம் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. 1844-இல் தோன்றிய டான் டொக் செங் ஆஸ்பத்திரி அப்போது காச நோயாளிகளால் நிரம்பியது. 1947-இல் சாட்டா என்ற காச ஒழிப்புச் சங்கம் தொடங்கி எக்ஸ்ரே எடுத்தார்கள். இருமல் வந்தவனைத் தேடிப் போய்ப் படம் எடுத்த காலம் அது. அந்தப் போராட்டத்தின் பலனாகக் காசம் குறைந்தது. ஆனால் இருமல் என்றால் காசம், நிழல் என்றால் காசம் என்ற எண்ணம் மட்டும் நம் மனத்தில் குறையவில்லை. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் தம்பிகளே, உங்கள் ஊரிலும் இதே கதைதான். காச மருந்தில் மாதங்களைக் கழித்துவிட்டுப் புற்றோடு வருகிறவர்களைப் பற்றி அங்குள்ள டாக்டர்கள் ஓயாமல் எழுதி வருகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவருக்குச் சளியில் இரத்தம் கண்டது. சளிச் சோதனையில் கிருமி இல்லை. சித்தப்பாவின் கதை தெரிந்ததால் அந்த அக்கா பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று பேச ஆரம்பித்து விட்டார். சங்கத்தின் மூலம் லீவு எழுதி, நானே கூடப் போனேன். குழாய் விட்டு உள்ளே கழுவி எடுத்த நீரைச் சோதித்ததில் காசக் கிருமி கிடைத்தது! காசம் என்று கேட்டு ஒரு மனுஷி சந்தோஷப்பட்டு அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டார். இப்போது தன் நிரையில் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

பரிசோதனை எப்படி நடக்கும்? காலையில் பட்டினியாகப் போக வேண்டும். சாப்பாட்டை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதை மறைக்காதீர்கள். மூக்கிலும் தொண்டையிலும் மரக்க மருந்து தெளிப்பார்கள், கசக்கும். கையில் தூக்க மருந்து ஏற்றுவார்கள். குழாய் போகும்போது இருமல் வரும், மூச்சு முட்டுவது போலத் தோன்றும். ஆனால் குழாயைச் சுற்றிக் காற்றுப் போக இடம் இருக்கிறது, ஆக்ஸிஜனும் வைத்திருப்பார்கள். முடிந்த பின் தொண்டை மரப்புப் போகும் வரை, சுமார் இரண்டு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. புரையேறிவிடும். அன்று சளியில் கொஞ்சம் இரத்தம் வரலாம், லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம். அதிகமாக இரத்தம் வந்தாலோ நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினாலோ உடனே திரும்பிப் போக வேண்டும். காற்றுக் கசிவும் பெரிய இரத்தப் போக்கும் அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தூக்க மருந்து ஏற்றியபடியால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. பாலம் கடந்து வருகிற தம்பிகள் கவனிக்க!

அடுத்தது, வேலையிடத்துக் காற்று. வெல்டிங் புகையை உலகப் புற்று நோய் ஆராய்ச்சி நிலையம் 2017-இல் ஆராய்ந்து, மனிதனுக்கு நுரையீரல் புற்றைத் தருவது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்லும் கான்கிரீட்டும் அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசி, டீசல் புகை, பழைய கட்டடத்திலும் பழைய கப்பலிலும் இருக்கும் அஸ்பெஸ்டாஸ் எல்லாம் அதே முதல் வரிசை. ரப்பர்ச் சாமான் செய்யும் தொழிற்சாலை வேலையும் அதில் இருக்கிறது. நம் புகைக்கூடத்து விறகுப் புகை போன்றதை, வீட்டு அடுப்பை வைத்து ஆராய்ந்து, புற்று உண்டாக்கக் கூடும் என்ற இரண்டாவது வரிசையில் வைத்திருக்கிறார்கள். இதன் மேல் சிகரெட்டும் சேர்ந்தால், அஸ்பெஸ்டாஸ் விஷயத்தில், ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. ஆகவே டாக்டர் உங்களிடம் ‘புகைப்பீர்களா’ என்று கேட்டு எழுதும்போது, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: இத்தனை வருஷம் வெல்டிங், இத்தனை வருஷம் புகைக்கூடம் என்று. அந்த ஒரு வரி சீட்டில் ஏறினால் பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது அதுவே சாட்சி.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாமல் குரல் கம்முதல், உடம்பு இளைத்தல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல். இவற்றில் எது கண்டாலும் எக்ஸ்ரே கேளுங்கள். சளியில் கிருமி இல்லாமல் காச மருந்து கொடுத்தால், சண்டை வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள்: ‘டாக்டர், இரண்டு மாதத்தில் திரும்பப் படம் எடுப்பீர்களா? நிழல் குறையாவிட்டால் சி.டி.யும் குழாய்ப் பரிசோதனையும் உண்டா?’ இந்தக் கேள்வியைத்தான் நான் அன்று கேட்கவில்லை.

லீவும் செலவும் என்ன ஆகும் என்று பின்வரிசையில் ஒரு தம்பி கையைத் தூக்குகிறார். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஆறு மாதம் வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு, ஆஸ்பத்திரியில் தங்கினால் அதையும் சேர்த்து 60 நாள். பெர்மிட்டில் வந்தவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய வைத்திய இன்ஷூரன்ஸ் 2023 ஜூலை முதல் வருஷத்துக்கு குறைந்தது 60,000 வெள்ளி. ஆஸ்பத்திரியில் தங்குவதற்கும், ஒரே நாளில் முடியும் அறுவைக்கும் அது உண்டு. எங்கள் பக்கத்தில் மலேசியக் குடிமகனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். பணம் தடையல்ல, பஸ் செலவும் போன நாள் சம்பளமுந்தான் தடை.

நோய் தெரிந்தால் பெர்மிட்டை ரத்துச் செய்து ஊருக்கு அனுப்பி விடுவார்களே என்று நீங்கள் மனத்துக்குள் கேட்பதும் எனக்குக் கேட்கிறது. வீண் பயம் என்று அதை நான் தள்ள மாட்டேன். கடன் வாங்கி விமானம் ஏறியவனுக்கு அந்தப் பயத்தின் பாரம் தெரியும். ஆனால் இருமலை மறைத்து ஒரு வருஷம் சம்பாதித்தவன் அந்தச் சம்பாத்தியத்தை எதற்குச் செலவழிக்கிறான் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன். தனியாகப் போய் நிற்கப் பயமாக இருந்தால் ஆள் துணையோடு போங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் பெயருக்கு எதிரே ஒரு மாதத்தில் ஆறு ஏழு கோடு விழுந்தால், பேனாவை வைத்துவிட்டு லயத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் நான் வாசல் பக்கத்து மேசையில் இருப்பேன். இருமல் உள்ளவர்கள் எக்ஸ்ரேச் சீட்டு, எம்.சி. எது இருந்தாலும் கொண்டு வந்து காட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லுகிறேன், லீவுக் கடிதமும் எழுதித் தருகிறேன். ஜூரோங்கில் இருக்கும் இங் டெங் ஃபோங் ஆஸ்பத்திரிக்கு யாராவது துணை வேண்டுமென்றால் பெயரை எழுதிக் கொடுங்கள், அடுத்த ஞாயிறு காலையில் இங்கேயே வந்து எந்த நாள் போவதென்று முடிவு செய்வோம். எட்டரை மணி பஸ்ஸுக்குள் எல்லாரையும் பார்த்துவிடலாம்.